பூதத்தின் மேல் எனக்குக் கோபமில்லை



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது. தமிழில் வந்த அறிவியல் புனைவுப் படங்களில் சிறந்தது எது என்று யாரோ கேட்டு வைத்தார்கள். ஒருவன் எந்திரன் என்றான். ஒருத்தி 24 என்றாள். 7ஆம் அறிவுக்கு மட்டும் பதினோரு ஓட்டு. 2.0-வுக்கு ஐந்து. கடைசியில் "டீச்சர், நீங்கதான் எங்களுக்கு சயின்ஸ் எடுத்தீங்க. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நாலு வரியில் சொல்லக்கூடிய விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். கோபம் வந்தால் முழுதும் படித்த பிறகு வரட்டும்.

முதலில் ஒன்று. இந்த மாதிரிப் படம், கதை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் நானில்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பெண். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோய் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதைக் கடன் வாங்கிப் படித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 'பட்டணத்தில் பூத'த்தில் ஜாவர் சீதாராமன் ஜாடியிலிருந்து வந்து நின்றபோது கை தட்டியிருக்கிறேன். 'மாயாபஜா'ரில் ரங்காராவ் வாயைத் திறக்க, லட்டு தானாகப் பறந்து போய் விழுமே, அதை இன்றைக்குப் போட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன். ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்த நாட்களில், ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்காக வாரம் முழுக்கக் காத்திருந்த தலைமுறை நாங்கள்.

எனவே பூதத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பூதம் தன்னை பூதம் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. கடோத்கஜன் லட்டு சாப்பிட்டதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் புவியீர்ப்பு விசை பொய் என்று தேர்வில் எழுதியதில்லை. என் கோபமெல்லாம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, நுண்ணோக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்ற குரலில் மந்திரம் ஓதுகிற படங்களின் மேல்தான். உங்கள் பதினோரு ஓட்டு வாங்கிய படம் அதில் முதலிடம்.

7ஆம் அறிவு 2011 தீபாவளிக்கு வந்தது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போகிறார். நோய் தீர்க்கிறார், தற்காப்புக் கலை சொல்லித் தருகிறார். அந்தப் பகுதியில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பிறகு கதை நம் காலத்துக்கு வருகிறது. அவருடைய வழித்தோன்றல் அரவிந்த் ஒரு சர்க்கஸ் கலைஞன். மரபணு ஆராய்ச்சி மாணவி சுபா, அவன் டிஎன்ஏவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் மூதாதையரின் திறமையை எழுப்பப் பார்க்கிறாள். கடைசியில் அது எழுந்தும்விடுகிறது. பழகாத சண்டை வருகிறது, படிக்காத வைத்தியம் தெரிகிறது.

பிள்ளைகளே, நான் உங்களுக்கு என்ன பாடம் எடுத்தேன்? கண்ணின் நிறம், ரத்த வகை, காது மடலின் வடிவம் இவையெல்லாம் மரபு வழியாக வரும். பெருக்கல் வாய்ப்பாடு வராது. உங்கள் அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதற்காக நீங்கள் முட்டியில் சிராய்ப்பில்லாமல் சைக்கிள் கற்றுக்கொண்டீர்களா? கற்ற வித்தை டிஎன்ஏவில் போய் எழுதப்படுவதில்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். அப்பா அம்மா 2 பேர். தாத்தா பாட்டி 4 பேர். அப்படியே இரட்டித்துக்கொண்டே போனால் பத்துத் தலைமுறைக்கு முன்னால் உங்களுக்கு 1,024 முன்னோர். இருபது தலைமுறைக்கு முன்னால் 10,48,576 பேர். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்றாலும் அது வெறும் ஐந்நூறு ஆண்டுதான். போதிதர்மர் காலமோ ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பு. அதற்குள் அந்தக் கணக்கு உலகத்தில் இருந்த மொத்த மனிதர்களின் எண்ணிக்கையையே தாண்டிவிடும். அப்படியென்றால் ஒரே முன்னோர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எல்லோரும் எல்லோருக்கும் எங்கோ சொந்தம் என்றுதான் அர்த்தம். இதில் "என் ரத்தம் இன்னாருடைய ரத்தம்" என்று தனியாகப் பிரித்து எடுப்பது எப்படி?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அந்தப் படத்தின் முதல் பகுதியே இரண்டாம் பகுதியைப் பொய்யாக்குகிறது. போதிதர்மர் சீனாவில் செய்தது என்ன வேலை? வாத்தியார் வேலை. சொல்லிக் கொடுத்தார், அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சீனர்களுக்கும் அவருக்கும் என்ன ரத்த சம்பந்தம்? ஒன்றுமில்லை. இருந்தும் வித்தை அங்கே தங்கியது என்று படமே சொல்கிறது. அப்படியானால் வித்தை தங்குவது ரத்தத்திலா, பாடத்திலா? அதே படத்தில் அரவிந்த் சர்க்கஸில் வேலை செய்கிறான். சர்க்கஸ் வித்தை என்பது விழுந்து எழுந்து வருஷக்கணக்கில் பழகுவது. அவன் வியர்வை சிந்திக் கற்ற அந்த வித்தைக்குக் கதையில் பெரிய மதிப்பில்லை. அவன் கேட்டே இராத ஒரு முன்னோரின் பெயருக்குத்தான் மதிப்பு.

"டீச்சர், தமிழன் பெருமையைச் சொன்ன படத்தைப் போய்..." என்று இழுக்காதீர்கள். தமிழன் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் "அறிவு ரத்தத்தில் வருகிறது" என்ற வாக்கியம் எனக்குப் புதிதில்லை. நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஓய்வறையில் கேட்ட வாக்கியம் அது. பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல் உடைக்கப் போனவர்களின் பிள்ளைகள், நாகல்கேணியில் தோல் தொழிற்சாலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வந்தவர்கள் அவர்கள்தான். "இவனுக்கெல்லாம் படிப்பு ஏறாது டீச்சர், பரம்பரையிலேயே இல்லையே" என்று ஒரு சக ஆசிரியர் தேநீர் குடித்துக்கொண்டே சொல்வார். கெட்டவர் இல்லை, நன்றாகப் பாடம் நடத்துவார். ஆனால் அந்த நம்பிக்கையோடு வகுப்புக்குள் போகிறவரின் கண், கடைசி பெஞ்சுக்குப் போகவே போகாது.

அப்படிச் சொல்லப்பட்டவர்களில் ஒருத்தி இந்தப் பதிவையும் படிப்பாள். இன்றைக்கு அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் எத்தனையோ பேரின் ரத்தம் அவள் கை வழியாகப் போகிறது. சர்க்கரை தெரியும், கொழுப்பு தெரியும், கிருமி தெரியும். எந்தக் குழாயிலும் படிப்பு தெரிந்ததில்லை என்பாள்.

படிப்பு பரம்பரையில் வரும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பொறியியல் படிக்க வந்தது எங்கே தெரியுமா? நம் மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் சாய்ராம் கல்லூரிக்கு. அவருடைய எந்த முப்பாட்டன் நிலாவில் கலம் இறக்கினார்? நம் ஊர்ச் சாலையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பையன், நிலாவில் ஒரு பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்தான். 7ஆம் அறிவைவிட இதுதான் எனக்குப் புல்லரிக்கிறது.

அடுத்தது 2.0. 2018 நவம்பரில் வந்தது. அக்‌ஷய் குமார் பறவை ஆராய்ச்சியாளர் பக்ஷிராஜன். செல்போன் கோபுரத்தின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று மனம் உடைந்து தூக்குப் போட்டுக்கொள்கிறார். பிறகு பறவைகளோடு சேர்ந்து ஒரு தீய சக்தியாகித் திரும்பி வருகிறார். செத்தவர் பேயாக வந்து பழிவாங்குவது நமக்குப் பழகிய கதைதான். பேய் என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இங்கே பேய்க்கு விஞ்ஞானப் பெயர் வைத்து, கணினித் திரையில் கட்டம் கட்டி விளக்கம் வேறு சொன்னார்கள். படம் வரும்போது செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அவர்கள் கவலை அவர்கள் வியாபாரம். என் கவலை வேறு.

செல்போன் கோபுரத்திலிருந்து வருவது ரேடியோ அலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஆற்றல் குறைந்த வகை. எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிப் பறிக்கிற கதிர் இல்லை. கோபுர அலை பட்டுப் பறவைகள் கொத்துக் கொத்தாக விழுந்து சாகும் என்று யாரும் நிறுவிக் காட்டவில்லை. பறவைகள் குறைந்ததற்கு வேறு காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. அதைப் பார்க்க நமக்குத் திரையரங்கம் தேவையில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் பள்ளிக்கரணை தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மிச்சம் எங்கே? ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. நடுவில் பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை. சுற்றிலும் அடுக்குமாடிகள், கண்ணாடிக் கட்டிடங்கள். பூநாரையும் கூழைக்கடாவும் நாமக்கோழியும் இறங்குவதற்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தையெல்லாம் மண் போட்டு மூடியதற்கு 2015 டிசம்பரில் என்ன கூலி கிடைத்தது என்று முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வேளச்சேரியிலும் மொட்டை மாடியில் நின்ற நம் சொந்தங்களுக்குத் தெரியும்.

பறவைக்காக அழும் ஒரு படம், அந்தச் சென்னையிலேயே நடக்கும் கதை, இதைக் காட்டியிருக்க வேண்டாமா? காட்டினால் வில்லன் யார் என்ற கேள்வி வரும். மனைப் பத்திரம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் நெளிய வேண்டும். செல்போன் கோபுரம் என்றால் யாரும் நெளிய வேண்டியதில்லை. கை தட்டிவிட்டு, வெளியே வந்து, அதே செல்போனில் செல்ஃபி எடுத்துப் போடலாம். எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பில் கோபுரம் வேண்டாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். அதே குடியிருப்பின் கழிவுநீர் லாரி எந்த ஏரியில் போய்க் கொட்டுகிறது என்று கேட்டு ஒரு கையெழுத்தும் வாங்கவில்லை. பொய்க் காரணம் செய்கிற பெரிய கெடுதல் இதுதான். நிஜக் காரணத்தை அது பின்னால் ஒளித்துவைத்துவிடுகிறது.

இப்போது சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வருவான். "பெரியம்மா, லாஜிக் பார்த்தா படம் பார்க்க முடியாது. இது பொழுதுபோக்கு." கண்ணா, நான் லாஜிக் கேட்கவில்லை. ரஜினிகாந்த் ரயில் மேல் ஓடட்டும். கால இயந்திரம் பேட்டரியில் ஓடட்டும். ஆனால் 2020-ல் கொரோனா வந்தபோது என்ன நடந்தது? 7ஆம் அறிவின் காட்சிகளை வெட்டி, "பார்த்தீங்களா, அப்பவே சொன்னாங்க" என்று எனக்கே எத்தனை பேர் அனுப்பினீர்கள்! சீனா, நாய், வைரஸ், மூதாதையர் மருந்து. பொழுதுபோக்கு என்றால் பொழுது போனதோடு போயிருக்க வேண்டும். ஒன்பது வருஷம் கழித்து மருத்துவ ஆலோசனையாகத் திரும்பி வந்தது. தடுப்பூசி வந்தபோது, போடவே மாட்டேன் என்று அடம் பிடித்த பெரியவர்கள் நம் சொந்தத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் பேசிப் பேசி என் தொண்டைதான் வறண்டது.

சரி, எல்லாவற்றையும் திட்டிவிட்டுப் போகிறாள் கிழவி என்று சொல்லாதீர்கள். பிடித்ததையும் சொல்கிறேன்.

எந்திரனின் முதல் பாதி எனக்குப் பிடிக்கும். தீ விபத்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது, கணக்குச் சரி. ஆனால் கூச்சம் என்று ஒன்று உண்டு என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அந்தப் பெண் தாங்காமல் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இயந்திரத்துக்கு எதைக் கற்றுக் கொடுத்தோம், எதை விட்டுவிட்டோம் என்ற கேள்வி அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இந்நாளில் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. இரண்டாம் பாதியில் ரோபோக்கள் சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் ஆனபோது நான் முறுக்கு சாப்பிட்டேன்.

'இன்று நேற்று நாளை' 2015-ல் வந்தது, சின்னப் படம். நம் ஊர்ப் பையன்களிடம் கால இயந்திரம் கிடைத்தால் உலகத்தையா காப்பாற்றுவார்கள்? காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று ஜோசியம் சொல்லிக் காசு பார்க்கிறார்கள். எவ்வளவு உண்மை! ஆனால் கடந்த காலத்தில் கை வைத்ததால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிடுகிறான், விளைவு அவர்கள் தலையிலேயே விழுகிறது. தான் போட்ட விதியைத் தானே மதிக்கிற படம். 24 பார்க்க அழகுதான். ஆனால் நேரத்தையே கட்டுப்படுத்தும் கடிகாரம் கையில் இருக்க, பையன் பாதி நேரம் அதைக் காதலிக்கத்தான் பயன்படுத்துகிறான். 'டிக் டிக் டிக்' 2018-ல் இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரத்தோடு வந்தது. 1963-லேயே 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போய் வந்துவிட்டாரே! ககாரின் பறந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த நேரம். அந்தக் கிரகத்தார் விஞ்ஞானத்தில் நம்மை மிஞ்சியவர்கள், ஆனால் கலை தெரியாதவர்கள். அதனால் பூமிக்கு வந்து பானுமதியைக் கொண்டு போகிறார்கள். தங்கம் கேட்கவில்லை, பாட்டு டீச்சரைக் கேட்டார்கள்! அந்தக் கற்பனைக்கு ஒரு கும்பிடு.

'மாநாடு' ஒரே நாளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. உஜ்ஜயினி காலபைரவர் கோயிலில் பிறந்ததுதான் காரணம் என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள். வெள்ளைக் கோட்டு இல்லை. அப்துல் காலிக் ஒவ்வொரு முறையும் தோற்று, எங்கே தவறினோம் என்று பார்த்து, அடுத்த முறை ஒரு படி மேலே போகிறான். எழுந்து வருகிற முன்னோர் யாரும் அவனுக்கு உதவவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 'மாவீரன்', 2023. ஒருவனுக்கு மட்டும் மேலேயிருந்து ஒரு குரல் கேட்கிறது. அறிவியல் விளக்கம் கிடையாது, கேட்கவும் தோன்றவில்லை. குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட மக்கள், தொட்டால் உதிர்கிற சுவர், கையோடு வரும் கதவு. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நம் பக்கத்தில்தானே இருக்கின்றன? நகரத்துக்குள்ளிருந்து அங்கே வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் அந்தக் கற்பனைப் படத்தில் எது கற்பனை, எது நிஜம் என்று பிரித்துச் சொல்வார்கள். விஞ்ஞானத்தின் பெயரே சொல்லாத படம் உண்மையைச் சொன்னது. விஞ்ஞானத்தின் பெயரில் வந்த இரண்டு பெரிய படங்கள் பொய் சொன்னன. என் வழக்கு இவ்வளவுதான்.

தீர்ப்பு கேட்டீர்கள். மாயக் கற்பனையில் மாவீரன். அறிவியலில் எந்திரனின் முதல் பாதி மட்டும். 7ஆம் அறிவுக்கு அந்தப் பதினோரு ஓட்டும் செல்லாது.

படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குரோம்பேட்டை வெற்றிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், பாப்கார்னும் வாங்கிக் கொடுங்கள். வீடு திரும்பும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எது நிஜமாக இருக்க முடியும், அதை எப்படிச் சோதித்துப் பார்க்கலாம்?" பிள்ளை தப்பாகப் பதில் சொன்னாலும் பரவாயில்லை, யோசித்தால் போதும்.

விடுமுறையில் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் நம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்தைத் தெரியவைத்த கண்டுபிடிப்பு அது. அவர் சேகரித்த கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. தமிழ்நாட்டில் அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள். அந்தக் கல்லை எந்தப் பக்கம் தட்டினால் கூர் வரும் என்பது யாருடைய ரத்தத்திலும் எழுதியிருக்கவில்லை. பெரியவர் தட்டிக் காட்டியிருப்பார், சின்னது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கும், கையை நசுக்கிக்கொண்டிருக்கும், மறுபடி தட்டியிருக்கும். நம் மண்ணின் பெருமை என்று பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் அந்தக் கல்லைக் காட்டுங்கள்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே தாராளமாக எழுதலாம். எவ்வளவு திட்டினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒற்றுப்பிழை இருந்தால் மட்டும் திருத்திவிடுவேன்.